ஐந்து நிமிட வரலாறு

புக்கிட் பெலிம்பிங், கோலசிலாங்கூர்
9 மார்ச் 2025

அன்புள்ள தம்பி அகிலனுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது. காலையில் கடை வரைக்கும் நடந்து போய்ப் பசியாறிவிட்டு, ஊர்க்கதையெல்லாம் கேட்டுக்கொண்டு வருகிறார். மீரியில் நீயும் ஷர்மினியும் எப்படி இருக்கிறீர்கள்? மூன்றாவது மாதம் கவனமாக இருக்க வேண்டும். டாக்டர் படுத்திருக்கச் சொன்னால் அவள் படுத்துத்தான் இருக்க வேண்டும். சமையலை நீ பார்த்துக்கொள். முதல் இரண்டு முறை நடந்ததை நினைத்து அவள் பயப்படுவாள், பேச்சை மாற்றிவிடு.

ஞாயிற்றுக்கிழமையானால் போனில் பேசுகிறவள் இப்போது மின்னஞ்சலில் கடிதம் எழுதுகிறாளே என்று பார்க்கிறாயா? ஒரு வேலை சொல்ல வேண்டும். பேசினால் பாதியை மறந்துவிடுவேன்.

என்னுடைய யூடியூப் அலைவரிசை உனக்குத் தெரியும். கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் பிள்ளைகள் வீட்டில் முடங்கிக் கிடந்தபோது ஆரம்பித்த ‘ஐந்து நிமிட வரலாறு’. நான்காம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரைக்கும், வரலாற்றுப் பாடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் காணொளி. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழில் இந்தப் பாடத்துக்கு இணையத்தில் தேடினால் கிடைப்பது கொஞ்சம்தான். தோட்டத்துப் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் ஒரே கைத்தொலைபேசி, அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் கிடைக்கும். அதனால்தான் ஐந்து நிமிடத்துக்கு மேல் போவதில்லை, டேட்டாவும் அதிகம் தின்னாது.

இந்த ஆண்டு பாடத்தை நான் எழுதித் தருகிறேன், படங்களையும் நான் அடுக்கிவிடுகிறேன். நீ வாசித்துப் பதிவு செய்து அனுப்பு. எனக்குப் பள்ளி விளையாட்டுப் போட்டிப் பொறுப்பு வந்துவிட்டது. வெயிலில் கத்திக் கத்தித் தொண்டையும் கொஞ்சம் கட்டியிருக்கிறது. அதோடு, ஒரு மாற்றமாக ஆண் குரல் வரட்டுமே. மலாக்கா மன்னராட்சியின் முதல் பாடத்தை இணைத்திருக்கிறேன்.

போன் செய்ய வேண்டாம், நான் திடலில் இருப்பேன். எழுது. ஷர்மினியை நான் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா,
புனிதவதி


மீரி
20 மார்ச் 2025

அன்பு அக்கா,

நாங்கள் நலம். ஷர்மினிக்குக் காலை வாந்தி நின்றிருக்கிறது. படுக்கையில் படுத்தபடி எனக்குச் சமையல் சொல்லித் தருகிறாள். நேற்று வைத்த ரசத்தை அவளே இரண்டு முறை வாங்கிக் குடித்தாள். அப்பாவுக்கு முழங்கால் தைலம் ஒன்று வாங்கி அனுப்பியிருக்கிறேன்.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். ஒலிப்பதிவை இணைத்திருக்கிறேன். வீட்டில் மின்விசிறிச் சத்தம் வருகிறது என்று கப்பல் பட்டறையில், மதிய ஓய்வு நேரத்தில், பாதுகாப்பு அலுவலக அறையைப் பூட்டிக்கொண்டு வாசித்தேன். மலாக்காவைத் தோற்றுவித்த பரமேஸ்வரா சருகுமானைப் பார்க்கிற இடத்தில் என் மேற்பார்வையாளர் கதவைத் தட்டினார். மறுபடியும் முதலிலிருந்து வாசிக்க வேண்டியதாகிவிட்டது. நான்காம் ஆண்டில் இதெல்லாம் நானும் படித்திருப்பேன், ஆனால் சுத்தமாக மறந்துபோயிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசினேன். உன்னைக் கேட்டேன், குளித்துக்கொண்டிருக்கிறாய் என்றார். உன் தொண்டை சரியாகிவிட்டதா? சுக்கு தட்டிப் போட்டுக் குடி.

தம்பி,
அகிலன்


புக்கிட் பெலிம்பிங்
2 ஏப்ரல் 2025

அன்புள்ள அகிலனுக்கு,

உன் கடிதமும் தைலமும் வந்தன. அப்பா தைலத்தை முழங்காலுக்குத் தடவிவிட்டு, மிச்சத்தை நெற்றிக்கும் தடவிக்கொள்கிறார். உங்கள் இரண்டு பேரின் நலமும் கேட்டு மகிழ்ச்சி. ரசம் குடிக்கிற அளவுக்கு வாய்க்கு ருசி திரும்பியதே பெரிய நிம்மதி.

காணொளியை வகுப்பில் போட்டேன். கோபித்துக்கொள்ளாதே, நடந்ததை அப்படியே எழுதுகிறேன். பிள்ளைகள் கை கட்டி உட்கார்ந்து கேட்டார்கள். முடிந்ததும் ஒருவன் எழுந்து, “டீச்சர், இந்த சார் போலீஸா?” என்றான். நீ தீ விபத்துப் பயிற்சிக்கு அறிவிப்புச் செய்கிற மாதிரி வாசித்திருக்கிறாய். பரமேஸ்வரா மரத்தடியில் உட்கார்ந்தார் என்பதைக் கேட்டால், எல்லாரும் உடனே வரிசையாக வெளியே போக வேண்டும் போலிருக்கிறது.

எதிரில் ஒரு பிள்ளை இருப்பதாக நினைத்துக்கொண்டு சொல். அந்தப் பிள்ளை எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறது, அதை உன் பக்கம் திருப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

மற்றபடி இது வகுப்பில் நன்றாக உதவுகிறது. காணொளியைப் போட்டுவிட்டுக் கேள்விகளைப் பலகையில் எழுதிவிடுகிறேன். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் பேசி விடை கண்டுபிடிக்கிறார்கள். நான் அதிகம் பேசாமலே பாடம் நடக்கிறது. இப்படியும் கற்பிக்கலாம் என்று இத்தனை வருடம் தெரியாமல் போய்விட்டது.

மேலும் மூன்று பாடங்கள் அனுப்பியிருக்கிறேன். முடிந்தால் சீக்கிரம்.

அக்கா,
புனிதவதி


மீரி
19 ஏப்ரல் 2025

அன்பு அக்கா,

இங்கே மூவரும் சுகம். மூவர் என்று எழுதவே சந்தோஷமாக இருக்கிறது. ஸ்கேனில் இதயத்துடிப்பைக் கேட்டோம். ஷர்மினி அழுதாள். நான் அழவில்லை என்று எழுதினால் அவள் கடிதத்தைப் பார்த்துவிட்டுத் திருத்துவாள், அதனால் ஒன்றும் எழுதவில்லை. நீயும் அப்பாவும் நலமா?

நல்ல செய்தி இன்னொன்று. உன் போலீஸ்காரருக்கு வேலை போய்விட்டது. மூன்று பாடங்களையும் நான் வாசித்துப் பழகிக்கொண்டிருந்ததை ஷர்மினி படுக்கையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். பொறுக்க முடியாமல், “குடுங்க லா இங்க” என்று தாளைப் பிடுங்கிக்கொண்டாள். விசிறிச் சத்தம் வராமல் தலை வரைக்கும் போர்வையை இழுத்துக்கொண்டு, உள்ளே போனை வைத்துக்கொண்டு, முதல் பாடத்தையும் சேர்த்து நான்கையும் வாசித்தாள். வாசித்தாள் என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டில் நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள். “அந்தச் சருகுமானுக்கு என்ன துணிச்சல் பாருங்க, வேட்டை நாயையே உதைச்சித் தள்ளிடுச்சி” என்று அவள் சேர்த்துக்கொண்டது உன் எழுத்தில் இல்லை. வேண்டாமென்றால் வெட்டிவிடு.

கலும்பாங்கில் அவள் படித்த காலத்தில் வரலாறு என்றால் தூக்கம்தான் வருமாம். இப்போது அடுத்த பாடம் எப்போது வரும் என்று என்னைக் கேட்கிறாள். சுவரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தவளுக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது.

நேற்றும் அப்பா நீ குளிப்பதாகச் சொன்னார். தண்ணீர்க் கட்டணம் எவ்வளவு வருகிறது?

அகிலன்


புக்கிட் பெலிம்பிங்
4 மே 2025

அன்புள்ள அகிலனுக்கும் ஷர்மினிக்கும்,

நாங்கள் நலம். இதயத்துடிப்புச் செய்தியை அப்பாவுக்கு வாசித்துக் காட்ட நினைத்தேன், பிறகு அவரிடமே போனைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

ஷர்மினி, சருகுமானின் துணிச்சலை வெட்டவில்லை. அந்த இடத்தில்தான் பிள்ளைகள் கைதட்டினார்கள். நான்கு பாடமும் அலைவரிசையில் ஏறிவிட்டன. உன் கலும்பாங் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து ஓர் ஆசிரியை, எங்கள் பிள்ளைகள் இந்த அக்கா குரலுக்காகவே கேட்கிறார்கள், மீதிப் பாடம் எப்போது வரும் என்று எழுதியிருக்கிறார். சபாக் பெர்ணத்திலிருந்தும் ஒருவர் கேட்டிருக்கிறார். உனக்கு இது வரும் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டதே.

ஆகவே இத்துடன் எல்லாவற்றையும் அனுப்புகிறேன். டிசம்பர் வரைக்கும் உள்ள பாடங்கள். நான்காம் ஆண்டு, ஐந்தாம் ஆண்டு, ஆறாம் ஆண்டில் மலேசியா உருவான பாடம் வரை எழுதி முடித்துவிட்டேன். படங்களும் தனித்தனிக் கோப்பில் இருக்கின்றன. எந்தப் படம் எந்த இடத்தில் வர வேண்டும் என்று ஓரத்தில் குறித்திருக்கிறேன். என்னைக் கேட்காமலே செய்துவிடலாம். உடம்புக்கு முடிகிறபோது மட்டும் செய், அவசரமே இல்லை.

அகிலன், அலைவரிசையின் கடவுச்சொல்லைத் தனியாக அனுப்புகிறேன். ஒருவரிடம் மட்டும் இருப்பது சரியில்லை.

இந்த மாதம் கிள்ளானில் ஒரு பயிற்சி இருக்கிறது. இரண்டு மூன்று வாரம் எழுத முடியாது. தேட வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா


மீரி
25 மே 2025

அன்பு அக்கா,

நலம். நீ நலமா? பயிற்சி முடிந்துவிட்டதா? ஆசிரியர் தினத்துக்கு வாழ்த்து அனுப்பினேன், பதில் இல்லை. விமலா டீச்சர் போட்ட விழாப் படத்தில் எல்லா ஆசிரியர்களும் இருக்கிறார்கள், உன்னைக் காணோம். வருடா வருடம் நீதானே மேடையேறிப் பாடுவாய்?

ஷர்மினி ஐந்தாம் ஆண்டுப் பாடங்களுக்கு வந்துவிட்டாள். வேலை நடக்கிறது. ஆனால் இரண்டு நாளாக எதையோ யோசித்துக்கொண்டிருக்கிறாள். கேட்டால் முதுகு வலி என்கிறாள்.

ஒரு வரி எழுது.

அகிலன்


மீரி
27 மே 2025

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். பிள்ளை அசைவது தெரிகிறது. மாமா நலமா? இந்தக் கடிதம் உங்கள் தம்பிக்குத் தெரியாமல் எழுதுவது. பட்டறைக்குப் போயிருக்கிறார்.

அண்ணி, உங்களைச் சுற்றி வளைத்துக் கேட்க எனக்குத் தெரியாது. படுத்தே கிடப்பவளுக்கு யோசிக்க நேரம் அதிகம். டிசம்பர் மாதப் பாடத்தை மே மாதத்தில் யார் எழுதி முடிப்பார்கள்? என்னைக் கேட்காமலே செய்துவிடலாம் என்று ஏன் எழுதினீர்கள்? கடவுச்சொல்லை ஏன் இப்போது கொடுத்தீர்கள்? நாங்கள் போன் செய்யும்போதெல்லாம் ஏன் குளிக்கிறீர்கள்?

போன வாரம் உங்கள் பழைய காணொளிகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன், நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள் என்று பழகுவதற்காக. போன வருடத்துப் பாடங்களில் உங்கள் குரல் மணி மாதிரி இருக்கிறது. இந்த ஜனவரியில் போட்ட கடைசிக் காணொளியில் கரகரக்கிறது. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் சத்தமே இல்லாமல் போகிறது. மார்ச்சிலிருந்து உங்கள் குரலை நாங்கள் யாரும் கேட்கவே இல்லை.

உங்கள் தம்பிக்கு இது புரியவில்லை. அவர் அக்காவைப் பற்றி அப்படியெல்லாம் நினைக்கமாட்டார். அத்தைக்கு வந்தது என்ன நோய் என்று அவர் எனக்குச் சொல்லியிருக்கிறார், ஒரே ஒரு முறை.

நான் பிள்ளைத்தாய்ச்சி என்று பார்த்து மறைக்கிறீர்கள். தெரியாமல் கிடந்து நானாக எதையாவது நினைத்துக்கொள்வதுதான் எனக்குக் கெடுதல். என்னிடம் சொல்லுங்கள் அண்ணி.

ஷர்மினி


புக்கிட் பெலிம்பிங்
30 மே 2025

அன்பு ஷர்மினிக்கு,

நீயும் வயிற்றில் இருப்பதும் சுகமாக இருக்க வேண்டும். அப்பா நலம். உன் கடிதத்தை இன்றுதான் பார்த்தேன் என்று எழுதப் பார்த்தேன், அது பொய். வந்த நாளிலிருந்து எடுத்து எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ நினைத்தது சரி. ஆண்டுத் தொடக்கத்திலேயே குரல் கம்மிவிட்டது. கிளினிக்கில் இருமல் மருந்து கொடுத்தார்கள், கேட்கவில்லை. ஏப்ரலில் கிள்ளான் மருத்துவமனையில் மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டுப் பார்த்தார்கள். குரல் நாணில் ஒரு கட்டி. நல்லதா கெட்டதா என்று பார்த்துச் சொல்ல முடியாது, எடுத்துச் சோதனைக்கு அனுப்பினால்தான் தெரியும் என்றார் டாக்டர். பயிற்சி என்று நான் எழுதியது அதைத்தான். இந்த மாதம் இருபதாம் தேதி எடுத்துவிட்டார்கள். விமலாதான் காரில் கூட்டிப்போய்க் கூட்டி வந்தாள். முடிவு ஜூன் பத்தாம் தேதி.

அப்பாவுக்குத் தெரியும். குளிக்கிறாள் என்று சொல்லச் சொன்னது நான்தான். அவருக்கு வேறு பொய் வராது.

அத்தையைப் பற்றி எழுதினாய். அகிலன் உன்னிடம் எவ்வளவு சொன்னான் என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தொண்டையில் வந்தபோது அவன் படிவம் ஐந்து, பதினேழு வயது. கடைசியில் அம்மாவுக்குப் பேச்சே இல்லை. எதுவும் வேண்டுமென்றால் கரண்டியால் தட்டில் தட்டுவார்கள். சத்தம் கேட்டதும் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடுவது அவன்தான். அம்மா போன பிறகும் பல மாதம், எங்காவது தட்டுச் சத்தம் கேட்டால் எழுந்துவிடுவான். சாப்பாட்டுக் கடையில்கூட. அவனிடம் நான் எப்படிச் சொல்வேன், நீயே சொல். உங்களுக்கும் இது மூன்றாவது முறை. நல்ல செய்தி கேட்கிற வீட்டில் இதைக் கொண்டுபோய் வைக்க மனம் வரவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. யாரிடமும் இதைச் சொல்லவில்லை. சாவதைப் பற்றி அதிகம் நினைக்கவில்லை. குரல் இல்லாமல் ஒரு வகுப்பின் முன்னால் நிற்பதை நினைத்துத்தான் பயம். மார்ச்சிலிருந்து நின்று பார்த்துவிட்டேன். உன் குரலைப் போட்டுவிட்டுப் பலகையோரம் நிற்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன், சத்தம் வராது. அந்த ஐந்து நிமிடமும் எனக்கு எவ்வளவு பெரிய உதவி என்று உனக்குத் தெரியாது.

ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது என்றார்கள். அது முடிந்துவிட்டது, மெதுவாகப் பேசலாம். ஆனாலும் நான் பேசிப் பார்க்கவில்லை. முடிவு தெரியட்டும்.

அகிலனிடம் சொல்லிவிடாதே.

அண்ணி


மீரி
2 ஜூன் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். நீங்கள் தைரியமாக இருங்கள்.

சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. உங்கள் கடிதத்தைக் காட்டவில்லை, நானே சொன்னேன். அவர் எழுந்து போய்க் கழுவுதொட்டியில் கிடந்த பாத்திரத்தையெல்லாம் கழுவினார். கழுவினதையே மறுபடியும் கழுவினார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “தனியா போய் இருக்கா பாரு” என்றார். அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஒன்பதாம் தேதி விமானத்தில் வருகிறார். எனக்குத் துணையாக அம்மா கலும்பாங்கிலிருந்து நாளை வருகிறார். வர வேண்டாம் என்று எழுதாதீர்கள், டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

ஷர்மினி


புக்கிட் பெலிம்பிங்
11 ஜூன் 2025

அன்பு ஷர்மினி,

நீ நலமா? மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாயா? உன் அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்.

நேற்றுப் போனில் என்னால் “ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை” என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. நீ “என்ன ஒன்றுமில்லை, சரியாகச் சொல்லுங்க” என்று கத்தியது காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதனால் நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

முந்தின நாள் மாலை நான் வீடு வந்து சேர்ந்தபோது அக்கா வாசலில் நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். என் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இளைத்திருக்கிறாள். நான் என்ன கேட்டாலும் தலையை ஆட்டினாள், அல்லது போனில் தட்டிக் காட்டினாள். உனக்கு என்ன சமைக்க என்றுதான் முதலில் தட்டினாள். அப்பா வானொலியைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

காலையில் விமலா டீச்சரின் காரில் நால்வரும் போனோம். அப்பா வர வேண்டாம் என்றால் கேட்கவில்லை. முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். கிள்ளான் மருத்துவமனையில் கூட்டம் அதிகம். எங்கள் எண் வரும்வரை அக்கா ஆறாம் ஆண்டு விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தாள். ஒரே தாளை நெடுநேரம் வைத்திருந்ததைப் பார்த்தேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். கணினியில் எங்கள் பெயரைத் தேடி, முடிவைத் திறந்து, மேலிருந்து கீழே வாசித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு எங்கள் பக்கம் திரும்பி மலாயில் சொன்னார், புற்றுநோய் இல்லை என்று. சாதாரணக் கட்டி. ஆசிரியர்கள், பாடகர்கள், சந்தையில் கூவி விற்பவர்கள், இப்படிப்பட்டவர்களுக்கு வருவதுதானாம். முழுவதையும் எடுத்தாகிவிட்டது. குரல் பயிற்சி கொடுப்பார்கள், சில மாதத்தில் திரும்பும், முன்பு மாதிரி கத்த மட்டும் கூடாது என்றார்.

அப்பாவுக்குப் புரியவில்லையோ என்று நான் தமிழில் சொல்லத் திரும்பினேன். அவருக்குப் புரிந்திருந்தது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு டாக்டரைக் கும்பிட்டார். அந்தப் பெண் எழுந்துவிட்டார், அப்பாவை மாமா முறை வைத்து, “இல்லை பாக்சிக், இல்லை பாக்சிக்” என்று.

அக்கா அசையவில்லை. நான் அவள் தோளைத் தொட்டேன். வெளியே வந்து நடைபாதையில் நின்றோம். விமலா டீச்சர் ஓடிவந்து முகத்தைப் பார்த்தார், பார்த்ததும் அழுதார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தொண்டையைச் செருமிவிட்டு, இத்தனை நாளில் முதல் முறையாக வாயைத் திறந்தாள்.

“பசிக்குது” என்றாள்.

தேய்ந்த குரல்தான், ஷர்மினி. கதவு உரசுகிற மாதிரி இருந்தது. அம்மாவுக்குக் கடைசிவரை அதுகூட வரவில்லை. நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுவிட்டேன். அப்பாதான், “வா, சாப்பிடலாம் லா, என்ன நிக்கிறே” என்று என் சட்டையைப் பிடித்து இழுத்துப் போனார். சிற்றுண்டிச் சாலையில் மீகோரேங் வாங்கினோம். அக்கா ஒரு தட்டைச் சாப்பிட்டு முடித்துவிட்டு அப்பாவின் தட்டிலும் எடுத்தாள். அவர் தன் தட்டை அவள் பக்கமே தள்ளி வைத்துவிட்டார்.

நேற்று இரவு நன்றாகத் தூங்கினேன். இப்போது அக்கா அடுப்படியில் இருக்கிறாள். அப்பா உனக்குப் போன் செய்யச் சொல்கிறார், அவரே பேச வேண்டுமாம். யாராவது அக்காவைக் கேட்டால் குளிக்கவில்லை என்று சொல்லப் போகிறாராம்.

ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறேன். நீ சொல்லியிருக்காவிட்டால் இங்கே நான் நின்றிருக்கமாட்டேன்.

அகிலன்


புக்கிட் பெலிம்பிங்
23 செப்டம்பர் 2025

அன்புள்ள அகிலனுக்கும் ஷர்மினிக்கும், என் மருமகள் தனேஸ்வரிக்கும்,

மூவரும் நலமா? குட்டி நன்றாகப் பால் குடிக்கிறாளா, பகலில் தூங்கிவிட்டு இராத்திரியில் விழித்திருக்கிறாளா? அம்மாவின் பெயரை வைத்ததைக் கேட்டு அப்பா அன்று முழுவதும் யாரிடமாவது அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். தீபாவளி விடுமுறைக்கு நாங்கள் இருவரும் மீரிக்கு வருகிறோம். அப்பா இப்போதே பெட்டியை இறக்கி வைத்துவிட்டார். ஷர்மினி, பத்தியச் சாப்பாட்டை விட்டுவிடாதே.

போனில்தான் தினமும் பேசுகிறோமே, இது எதற்குக் கடிதம் என்று கேட்பாய், அகிலன். நேற்று நடந்ததை எழுத வேண்டும் போலிருந்தது.

மூன்று மாதமாகக் குரல் பயிற்சி, நூலகப் பொறுப்பு, பிள்ளைகளின் ஏடு திருத்துவது என்று இருந்தேன். விமலாதான் என் வகுப்புகளையும் சேர்த்துப் பார்த்தாள். உன் காணொளிகள் இருந்ததால் சமாளித்தாள், ஷர்மினி. நேற்றுப் பள்ளி திறந்ததும் வகுப்புகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நான்காம் ஆண்டுக்குள் போனேன். வருகைப் பதிவேட்டைத் திறந்து முதல் பெயரைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. இரண்டாவது பெயரைக் கூப்பிட்டேன். அந்தப் பிள்ளையும் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. எல்லாரும் ஏதோ நடந்துவிட்ட மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்தப் பிள்ளைகள் பிப்ரவரியில்தான் என்னிடம் வந்தார்கள். அவர்களுக்கு நான் என்றால் கரகரத்த குரலும் பலகையில் எழுத்தும்தான். என் உண்மையான குரலை அவர்கள் கேட்டதே இல்லை.

லெட்சுமி என்று ஒரு பிள்ளை, எதையும் கேட்டுவிடுவாள். எழுந்து நின்று, “டீச்சர், இது உங்க சொந்தக் குரலா?” என்றாள்.

ஆமாம் என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். “நல்லாத்தான் இருக்கு. ஆனா வீடியோல வர்ற அக்கா குரல்தான் இன்னும் நல்லா இருக்கு லா, டீச்சர்.”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், ஷர்மினி, சத்தமாக. அந்த அக்கா என் தம்பி மனைவி, இப்போதுதான் ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று சொன்னேன். குழந்தையின் பெயர் என்ன, யார் மாதிரி இருக்கிறது, அந்த அக்கா குழந்தைக்கும் பரமேஸ்வரா கதை சொல்வார்களா என்று ஆளுக்கொரு கேள்வி. அவர்களை அடக்கிப் பாடத்துக்குக் கொண்டுவரவே பாதி நேரம் போய்விட்டது.

பிறகு காணொளித் திரையை இறக்கவில்லை. மலாக்காத் துறைமுகத்துக்குக் காற்றுக்காகக் காத்திருந்து கப்பல்கள் வந்ததை நானே சொன்னேன். குஜராத்திலிருந்து துணி வந்தது, சீனாவிலிருந்து பட்டு வந்தது, துறைமுகத்தில் எத்தனையோ மொழிகள் கேட்டன என்று சொல்லிக்கொண்டே போனேன். மொழிகள் என்று வந்ததும் பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் வியாபாரிகளாகிவிட்டார்கள். வகுப்பு ஒரே இரைச்சல். அதற்கு மேல் என் குரல். டாக்டர் சொன்னதை மறக்கவில்லை, கத்தவில்லை. ஆனாலும் கேட்டிருக்கிறது.

பக்கத்து வகுப்பிலிருந்து விமலா வந்தாள். கதவில் நின்று, “புனிதா, கொஞ்சம் மெதுவா. என் பிள்ளைங்க பாதிப் பேர் உங்க பாடத்தைக் கேட்டுக்கிட்டு இருக்காங்க” என்றாள்.

மன்னிப்புக் கேட்டேன். அவள் போகவில்லை. கதவில் சாய்ந்துகொண்டு, மணி அடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.

குட்டிக்கு என் முத்தங்கள்.

உங்கள் அக்கா,
புனிதவதி